உள்ளறை

எவ்வளவு ஆச்சு என்றுதானே முதலில் கேட்டாய், பெனாசிர்.
சொல்கிறேன். பேனா எடுத்துக்கொள்.

டிசம்பர் பள்ளி விடுமுறைப் பக்கம் தலைவைத்துப் படுக்காதே.
ஜனவரி நடுவில்,
ஊரே கிரெடிட் கார்டு பில்லைப் பார்த்து மூச்சு வாங்கும் வாரத்தில்,
கப்பலில் பாதி அறை காலியாகக் கிடக்கும்.
அப்போது போன் பண்ணு.
இணையத்தில் ஒரு விலை போட்டிருப்பார்கள்.
"இங்கேதான் இருக்கோம், எமிரேட்ஸ் ஐடி இருக்கு" என்று சொல்லிப் பார்,
வேறு விலை வரும்.
ஒரு நிமிடம் இருங்கள் என்பாள் அந்தப் பெண்.
இரு.
எனக்கு அந்த ஒரு நிமிடம் நானூறு திர்ஹம்.

திரவியத்துக்கு பால்கனி வேண்டுமாம்.
கடலில் போய்க் கடலைப் பார்க்காமல் என்ன பயணம் என்றார்.
பால்கனிக்கு ஆயிரத்து அறுநூறு கூடுதல்.
நாள் முழுக்க கவுண்டரில் பில் போடுகிறவள் நான்,
ஊரார் வாங்கும் வீண்செலவெல்லாம் என் கைவழியாகத்தான் போகிறது.
உள்ளறை போட்டேன்.
நாலாம் தளம். ஜன்னல் கிடையாது.

கராமாவில் ஏழு வருடமாக
ப்ளைவுட் பார்ட்டிஷனுக்குள் இருக்கிறோம்.
விடிந்ததை அலாரம் சொல்லித்தான் தெரியும்.
இங்கே ஏசி நம் கையில்.
பக்கத்து ஆள் தும்மினால் நாம் விழிக்க வேண்டாம்.
ஐந்து இரவுக்கு ஜன்னல் இல்லாதது
ஒரு குறையா, சொல்.

கரை மறைந்ததும் போனை ஏரோப்ளேன் மோடில் போடு.
எங்கள் மேசையில் ஒரு ஆலப்புழைக்காரர்
மகளுக்கு ஒரே ஒரு குட்நைட் வீடியோ அனுப்பினார்,
முந்நூற்று எழுபது.
பாவம், அந்தக் குழந்தை அதற்குள் தூங்கிவிட்டதாம்.

கூல்டிரிங்ஸ் பேக்கேஜ் என்று பின்னாலேயே வருவார்கள்.
தலையை ஆட்டிவிட்டு நட.
தண்ணீரும் டீயும் மேல்தளத்தில் சும்மா கிடைக்கும்.
ஏணிப்படியில் நிறுத்திப் போட்டோ எடுப்பார்கள்.
சிரி, சிரிப்புக்குக் காசில்லை.
மறுநாள் சுவரில் மாட்டியிருக்கும், போய்ப் பார்.
வாங்கிவிடாதே.

தோஹாவில் கப்பல்காரர் பஸ் வேண்டாம்.
மெட்ரோவுக்கு ஆறு ரியால், நாள் முழுக்கச் சுற்றலாம்.
கஸப்பில் படகுக்கு நாலு பேர் சேருங்கள்,
நாங்கள் அந்த ஆலப்புழைக் குடும்பத்தோடு சேர்ந்தோம்.
டால்பினுக்குத் தனி டிக்கெட் என்று யாராவது சொன்னால்
நம்பாதே.

ஒன்று மட்டும்.
நாளுக்கு இவ்வளவு என்று சேவைக் கட்டணம் பிடிப்பார்கள்.
அதை நீக்கித் தர ஒரு கவுண்டர் இருக்கிறது, வரிசையும் இருக்கிறது.
அந்த வரிசையில் நிற்காதே.
எங்கள் அறையைச் சுத்தம் செய்தவன் இடிந்தகரைப் பையன், ஜெனிஸ்டன்.
துண்டை மடித்து யானை செய்து வைப்பான்.
ஒன்பது மாத ஒப்பந்தம்.
அவன் படுக்கும் இடம் எங்களுக்கும் கீழே,
தண்ணீர் மட்டத்துக்கும் கீழேயாம்.
"ஜன்னல் வச்சா மீன்தான்க்கா எட்டிப் பாக்கும்" என்றான்.

கஸப் வந்த அன்று
நாலரைக்கே விழித்துவிட்டோம், எப்படியென்று தெரியாது.
போர்வையைச் சுற்றிக்கொண்டு பன்னிரண்டாம் தளத்துக்குப் போனோம்.
யாருமில்லை.
முதலில் இருட்டு, பிறகு இருட்டைவிடக் கறுப்பாக மலை,
பிறகு அதன் விளிம்பில் மட்டும் வெளிச்சம்.
பால்கனிக்காரர்களுக்கு ஒரு பக்கம்தான் தெரியும்.
நாங்கள் இந்தப் பக்கம் ஓடினோம், அந்தப் பக்கம் ஓடினோம்,
நாற்பத்திரண்டு வயதில்.
திரவியம் எதுவும் பேசவில்லை. என் போர்வை நுனியைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

கடைசி இரவு கதவிடுக்கில் பில் வந்தது.
வரிவரியாகப் பார்த்தேன், என் தொழில் அல்லவா.
எனக்குத் தெரியாத ஒரு வரி:
புகைப்படம் ஒன்று, எண்பத்தைந்து.

ஏணிப்படியில் நான் சிரித்த படம்.
பெட்டியில் சட்டைகளுக்கு நடுவே ஒளித்திருந்தார்.
பத்து மணி வரை திருப்பிக் கொடுக்கலாம் என்று
பில்லின் அடியிலேயே அச்சடித்திருந்தது.
மணி ஒன்பது இருபது.

இப்போது அது கட்டிலுக்கு மேலே, ப்ளைவுட்டில்.
ஆணி அடிக்கக் கூடாதென்று வீட்டுக்காரன் சொல்லியிருக்கிறான்.
டேப் போட்டு ஒட்டியிருக்கிறோம்.

மொத்தம் எவ்வளவு என்கிறாயா?
டேப்போடு சேர்த்துக் கூட்டிச் சொல்கிறேன், இரு.